நரைமுடிக் கேப்டன்

– முடியாது சார். அந்த மைக்கை அங்கேயே வைங்க. நான் எடுத்த முடிவை இன்னொருத்தர் எடுத்தார்னு சொல்ல நான் சம்மதிக்க மாட்டேன்.

– மேடம், கொஞ்சம் மெதுவா. கதவுக்கு அந்தப் பக்கம் முப்பத்தாறு பேர் நனைஞ்ச பெட்டியோட நிக்கிறாங்க. இந்த ஆபீஸ் ரூம் சுவரு வெறும் அட்டை. எல்லாம் கேட்கும்.

– கேட்கட்டுமே! அவங்க பேசுறது எனக்கு மட்டும் கேட்கலையா? ‘சின்னப் பொண்ணு மழையைப் பார்த்துப் பயந்து விமானத்தைப் பாதியில திருப்பிட்டா’ன்னு கத்துறாங்க. ‘அந்தப் பெரியவர் ஓட்டியிருந்தா இந்நேரம் வீட்டுல இருப்போம்’னு இன்னொருத்தர். அவங்களுக்குச் சமாதானம் சொல்ல வேண்டிய மேனேஜர் நீங்க, அவங்க பக்கம் சாயுறீங்க. நல்லா இருக்கு உங்க நியாயம்!

– என் நிலைமை உங்களுக்குத் தெரியாது மேடம். மேனேஜர்னு சட்டையில பேர் குத்தியிருக்கேன் பாருங்க, அதைப் பிடிச்சுத்தான் உலுக்குறாங்க. நான் என்ன பெருசா கேட்டுட்டேன்? இதோ பக்கத்துல நிக்கிற சார் வெளிய போய், ‘நான்தான் கேப்டன், நான்தான் திருப்பச் சொன்னேன்’னு ரெண்டு வரி சொல்லட்டும். அந்த நரைமுடியைப் பார்த்தாலே பாதிப் பேர் உட்கார்ந்துடுவாங்க.

– நரைமுடி! எப்பப் பார்த்தாலும் அந்த நரைமுடி! அண்ணா, நீங்களே சொல்லுங்க. டை அடிச்சிட்டு இருந்தவர்தானே நீங்க? யார் நிறுத்தச் சொன்னது?

– ஆபீஸ்லதான். ‘கறுப்பு வேண்டாம், உள்ளபடியே இருக்கட்டும், பயணிகளுக்கு ஒரு தைரியம்’னாங்க. என் பொண்டாட்டி ஒரு வாரம் பேசல.

– சிரிக்காதீங்கண்ணா, எனக்குப் பத்திக்கிட்டு வருது. தினமும் இவர் விமான வாசல்ல நின்னு பயணிகளைக் கும்பிடுவார். நான் முன்னாடியே போய்க் காக்பிட் கதவைச் சாத்திட்டு உட்காரணும். திருட்டுத்தனமா எதையோ செய்யப் போற மாதிரி. அப்படியும் அன்னிக்கு ஒரு நாள் கதவு திறந்திருந்தப்போ முன் சீட்டுலேர்ந்து கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்த ஒரு அம்மா, ‘பாப்பா, குடிக்கத் தண்ணி கிடைக்குமா, டிரைவர் எப்ப வருவார்?’ங்குது. தோள்ல கேப்டனுக்குள்ள நாலு பட்டை போட்டிருக்கேன். அது கண்ணுக்குத் தெரியல.

– தண்ணி குடுத்தீங்களா?

– குடுத்தேன்! தாகம்னு கேட்டா குடுக்காம இருப்பேனா? ‘நான்தாம்மா டிரைவர்’னும் சொன்னேன். அது சீட்டை விட்டு எழுந்து கைப்பையை எடுத்துடுச்சு. இவர் போய் ‘நான் இருக்கேன்மா’ன்னு சொன்னப்புறம்தான் உட்கார்ந்துச்சு.

– மேடம், ஜனங்களைக் குத்தம் சொல்லி என்ன பண்றது. நம்ம விமானமும் அப்படி. இறக்கையில ரெண்டு காத்தாடி சுத்துது. ‘மினி பஸ்ஸுக்கு ரெக்கை வச்சு விட்டுட்டாங்க’ன்னு போட்டோ எடுத்துச் சிரிக்கிறாங்க. ஏற்கெனவே பயம். உள்ள வந்தா காலேஜ் பொண்ணு மாதிரி ஒருத்தர். நான் சொல்றது புரியுதுங்களா?

– புரியுது சார், நல்லாப் புரியுது. பெரிய விமானம்னா மேகம் ஒதுங்கி வழி விடுமா? மழை அதுக்கும் மழைதான். கீழ ஒரு உயரம் வரைக்கும்தான் இறங்கலாம். அதுக்குள்ள ரன்வே விளக்கு கண்ணுல படணும். படலைன்னா ஏத்திடணும். எனக்குப் படல, ஏத்தினேன். சுத்தி வந்து மறுபடி இறங்கிப் பார்த்தேன், படல. மேல சுத்திக்கிட்டே இருந்தா திரும்பி வர எண்ணெய் மிஞ்சாது, கிளம்பின இடத்துக்கே கொண்டு வந்துட்டேன். முப்பத்தாறு பேரும் முழுசா நின்னு என்னைத் திட்டுறாங்களே, அதுக்கு நான்தானே காரணம்?

– அதை யாரு இல்லைன்னா? ஆமா சார், நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க. நீங்க என்ன சொன்னீங்க அப்போ?

– அது...

– அது காக்பிட்ல பேசினது சார். இங்க எதுக்கு? அண்ணா, நீங்க பேசாம இருங்க.

– சரி, நான் கேட்கல. இதை மட்டும் கேளுங்க மேடம், அப்புறம் உங்க இஷ்டம். இறங்க வேண்டிய ஊர்ல மழை குறையுது. இன்னும் கொஞ்ச நேரத்துல மறுபடி கிளம்பணும். நீங்க ஓட்டினா ஏற மாட்டோம்னு எழுதாத குறையாச் சொல்லிட்டாங்க. விமானம் காலியாப் போனா மேலிடத்துல சும்மா விட மாட்டாங்க. உங்களைத் திரும்ப வலது சீட்டுக்கு அனுப்பிடுவாங்க, உதவி பைலட்டா. இடது சீட்டு மறுபடி எப்போ கிடைக்குமோ. ஒரு பொய்தானே? யாருக்கு நஷ்டம்?

– எனக்கு! பத்தொம்பது வயசுலேர்ந்து பறக்குறேன் சார். கூடப் படிச்சவங்க எல்லாம் கல்யாணம், குழந்தைன்னு போட்டோ போட்டப்ப நான் காத்தையும் மேகத்தையும் படிச்சிட்டிருந்தேன். அந்த சீட்டு எனக்கு யாரும் தூக்கிக் குடுத்தது இல்ல. இன்னிக்கு நான் வாயை மூடிட்டா நாளைக்கும் மூடணும். நல்லபடியா இறக்கினா ‘பெரியவர் இறக்கினார்’, திருப்பினா ‘பொண்ணு பயந்துட்டா’. இது எத்தனை நாளைக்கு?

– அப்போ நான் வெளிய போய் என்னதான் சொல்லட்டும்?

– உண்மையைச் சொல்லுங்க. சொல்லிட்டு சீட்டைப் பிடுங்கணும்னா பிடுங்கிக்கங்க.

– குடுங்க சார் அந்த மைக்கை. நான் பேசுறேன்.

– அப்படிச் சொல்லுங்க சார்! வயசுல பெரியவங்க பெரியவங்கதான். இந்தாங்க, இந்தப் பட்டனை அழுத்திக்கிட்டே பேசணும்.

– அண்ணா... நீங்களுமா?

– கொஞ்சம் பொறுங்க கேப்டன்.

– போங்கண்ணா. போய்ப் பேசுங்க. உங்க மேலதான் எனக்கு நம்பிக்கை இருந்துச்சு. அதுவும் போச்சு.

– பயணிகள் எல்லாருக்கும் வணக்கம். நீங்க பெரியவர், பெரியவர்னு சொல்றது என்னைத்தான். நான் நாப்பது வயசு வரைக்கும் ஆபீஸ்ல நாற்காலி தேய்ச்சிட்டு, அப்புறம் பறக்க வந்தவன். கேப்டன் நான் இல்ல, உதவி பைலட்.

– ஐயோ, என்ன சார் இது... மேடம், நிறுத்தச் சொல்லுங்க!

– கையை எடுங்க சார். ரெண்டாவது தடவை இறங்கினப்போ, ‘அதோ விளக்கு தெரியுது, இறக்கிடலாம்’னு கையை நீட்டிக் காட்டினவன் நான். ‘எனக்குத் தெரியல’ன்னு சொல்லிட்டு விமானத்தை மேல ஏத்தினது இந்தச் சின்னப் பொண்ணு. ஏறும்போது நான் திரும்பிப் பார்த்தேங்க. நான் காட்டின விளக்கெல்லாம் ரோட்டுல லாரி லாரியா நகர்ந்து போயிட்டிருந்துச்சு.