முப்பத்தைந்து வயது வரம்பைக் காத்த அழகேசனாருக்கு

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: குமணன்சாவடிக்கும் நசரத்பேட்டைக்கும் நடுவே, லாரி ஹாரன்களைப் பொருட்படுத்தாமல் அறிவியல் வளர்க்கும் எங்கள் புரத அறிவியல் ஆய்வு மையத்தில், எழுத்தராய் நுழைந்து ஆராய்ச்சிப் பிரிவுக் கண்காணிப்பாளராய் உயர்ந்து, முப்பத்து மூன்று ஆண்டுகள் ஒரே நாற்காலியில் வீற்றிருந்த திருமிகு அழகேசன் அவர்கள் இன்று மாலை ஐந்தே முக்காலுக்குப் பணி நிறைவு பெறுகிறார். இச்செய்தி எட்டியதும் உலகப் புரதங்கள் யாவும் ஒரு கணம் திகைத்து நின்றிருக்கும் என்று நம்ப எங்களுக்கும் ஆசைதான்.

சுற்றறிக்கைச் சுடரே! கோப்புக் குலக் கொழுந்தே! முத்திரை மையின் மூலவரே! மூன்று நகல் கேட்டு, நான்காவதையும் எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கி வைக்கும் முன்யோசனையாளரே!

தாங்கள் ஒரு சோதனைக் குழாயைக் கையால் தொட்டதில்லை. புரதம் என்றால் பருப்பு என்ற தங்கள் கொள்கையை நான்கு இயக்குநர்கள் வந்தும் அசைக்க முடியவில்லை. ஆயினும் இங்கே முனைவர் பட்டம் பெற்ற நூற்றுப் பன்னிரண்டு பேரும் தங்கள் கையொப்பமிட்ட அறிவிப்பைப் படித்துத்தான் வாசல் தேடி வந்தார்கள். ஜூன் பிறந்தால் தாங்கள் சென்ற ஆண்டு அறிவிப்பைத் திறப்பீர்கள். ஆண்டை மாற்றுவீர்கள், கடைசி நாளை மாற்றுவீர்கள், காலியிட எண்ணிக்கையை மாற்றுவீர்கள். மற்றதெல்லாம் கல்வெட்டு. தங்கள் அறிவிப்பு ஒன்றுக்கும் இதுவரை திருத்த அறிவிப்பு வந்ததில்லை என்பதை நாங்கள் மறந்துவிடாதபடி வாரந்தோறும் தாங்களே நினைவூட்டியும் வந்தீர்கள்.

ஏழாண்டுகளுக்கு முன் ஒரு ஏப்ரலில் கல்விக்குழு கூடியது. முனைவர் பட்ட ஆய்வில் சேருவோரின் வயது வரம்பை முப்பத்தைந்திலிருந்து இருபத்தெட்டாகக் குறைத்தது. ஜூனில் தங்கள் அறிவிப்பு வந்தது. அதில் வயது வரம்பு முப்பத்தைந்து என்றே இருந்தது.

அதை அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து வீடு திரும்பும் பேருந்தில், ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, கைப்பேசியில் படித்தார் எழிலரசி. பால் நிறுவனமொன்றின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பத்து வருடமாகப் பாலில் புரதம் எவ்வளவு என்று அளந்து சொல்பவர். காய்ச்சும்போது அந்தப் புரதம் உருக்குலைந்து ஒன்றோடொன்று ஏன் ஒட்டிக்கொள்கிறது என்பது அவர் மனத்தில் பத்து வருடமாகக் கிடந்த கேள்வி. நிறுவனத்தில் அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவர்களுக்கு எண் போதும். அவருக்கு வயது முப்பத்து மூன்று. வயது வரம்பு என்ற வரியை அவர் மூன்று முறை படித்தார். சென்னீர்குப்பத்தில் இறங்கும்போதும் இன்னொரு முறை.

கணவர் செங்கல்வராயன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "இன்னா எயிலு, புள்ள மூணாங்கிளாஸ் பட்சிக்கினு கீறான். நீயும் சேந்து பட்சா ரெண்டு பேருக்கும் ஒரே மிஸ்ஸாண்ட டியூசன் வெச்சிரலாம்." மறுநாள் காலை அவரே முதல் சவாரியைத் தள்ளிவைத்து, விண்ணப்பத்தை வண்டியில் எடுத்துவந்து தங்கள் மேசையில் வைத்தார். தாங்கள் நகல் கேட்டீர்கள்.

எழுத்துத் தேர்வில் எழிலரசி முதலாவதாக வந்தார். நிறுவனத்தில் ஒரு மாதம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பதால் ராஜினாமாவையும் கொடுத்துவிட்டார். அவர் இடத்தில் ஒரு புதுப் பெண் வந்து உட்கார்ந்தும் ஆயிற்று. இனித் திரும்பிப் போக அங்கே நாற்காலி இல்லை. இந்நிலையில்தான் நேர்காணல் நாளன்று இயக்குநர் ஜானகிராமன் அவர் சான்றிதழைப் புரட்டினார், தங்களை அழைத்தார். கதவு சரியாகச் சாத்தவில்லை. வெளியே பெஞ்சில் இருந்த எழிலரசிக்கு எல்லாம் கேட்டது.

"அழகேசன், இந்தம்மாவுக்கு முப்பத்து மூணு. இருபத்தெட்டுன்னு மாத்தியாச்சே, பாக்கலியா?"

"அறிவிப்புல முப்பத்தஞ்சு சார்."

"அதான்யா தப்பு. ஒரு திருத்தம் போட்டுட்டு அவங்கள அனுப்பிடுங்க. நாலு மணிக்கு எல்லாம் முடியணும்."

"திருத்தமா சார்?" என்றீர்களாம். வீட்டை எழுதித் தரச் சொன்னால் ஒருவர் எந்தக் குரலில் கேட்பாரோ, அந்தக் குரலில்.

எழிலரசி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தண்ணீர் கொண்டுவந்த அலுவலக உதவியாளர் வேம்புலி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் குந்தினார். "பயப்படாத கண்ணு. அந்த ஆளு பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகைல தேதி தப்பா அட்சிட்டாரு. இன்னா பண்ணாரு தெரியுமா? பத்திரிகைய மாத்தல. மண்டபம், அய்யரு, மேளக்காரன் அல்லாரையும் மாத்தி, அட்சிருந்த தேதிலயே முட்ச்சாரு."

வேம்புலி சொன்னது வீண்போகவில்லை. தங்கள் அறைக் கதவு சாத்தப்பட்டது. மூன்றரை மணிக்குத் தாங்கள் நான்கு பக்கக் குறிப்போடு வெளிப்பட்டீர்கள். வெளியிட்ட அறிவிப்பே வேதம் என்றும், அதை நம்பி விண்ணப்பித்தவரை நடுவழியில் இறக்கிவிடுவது மையத்தின் மாண்புக்கு மாசு என்றும், கல்விக்குழுவின் முடிவு எந்த நாள் முதல் அமலாகும் என்று எங்கும் எழுதப்படவில்லை என்றும் அதில் குறித்திருந்தீர்கள். இணைப்பாக முந்தைய இருபத்தாறு ஆண்டு அறிவிப்புகள். இயக்குநர் முதல் பக்கத்தைப் படித்தார். மீதி மூன்றையும் இணைப்பின் கனத்தையும் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். கையெழுத்திட்டார்.

மூன்று ஐம்பதுக்கு எழிலரசி உள்ளே போனார். பாலைப் பற்றிக் கேட்டார்கள். பத்து வருடமாகச் சேர்த்து வைத்ததைப் பத்து நிமிடத்தில் சொன்னார். இருந்த இரண்டு இடங்களில் ஒன்று அவருடையதாயிற்று.

கதை அதோடு நிற்கவில்லை. மறு ஜூனில் இருபத்தெட்டு என்று போட்டால் சென்ற ஜூனில் போட்டது தவறென்று ஊர் சொல்லும். ஆகவே முப்பத்தைந்தே நின்றது. அதற்கடுத்த ஆண்டும் நின்றது. இன்றுவரை கல்விக்குழுப் பதிவேட்டில் இருபத்தெட்டு. அறிவிப்புப் பலகையில் முப்பத்தைந்து. அந்த இடைவெளி வழியாக இன்னும் ஒன்பது பேர் உள்ளே வந்தார்கள்: பள்ளியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தவர், மருந்துக் கம்பெனியில் ஷிஃப்டு பார்த்தவர், இரட்டைப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த கையோடு வந்தவர். எழிலரசி கடந்த ஜனவரியில் முனைவரானார். சூடேறிய பாலில் புரதங்கள் ஒட்டிக்கொள்ளும் விதம் குறித்த அவருடைய ஆய்வேடு தங்கள் அலமாரியில்தான் இருக்கிறது. தாங்கள் அதில் பக்க எண்களைச் சரிபார்த்தீர்கள்.

பண்பாளரே! தாங்கள் பட்டாபிராம் இல்லத்தில், பொழுதுக்கும் ஊஞ்சலில், சர்க்கரை ஏறாமல், முழங்கால் இறங்காமல், வீட்டம்மா ராஜகுமாரி அவர்களிடம் காய்கறிப் பட்டியலை மூன்று நகலில் கேட்காமல், நூறாண்டு நலமுடன் திகழ வேண்டுமென மனதார விரும்பி, இம்மடலைச் சட்டமிட்டுத் தங்கள் கையில் சேர்க்கும்

மையத்தின் அலுவலர்களும் ஆய்வாளர்களும்.

இணைப்பு: நேற்று மதியம் நடந்தது.

இம்மடலின் வரைவைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவந்தவர் எழிலரசி. விளிகளின் வரிசையில் "காலம் கடந்தோர்க்கும் கல்விக் கதவு திறந்த கருணைக் கடலே" என்ற வரியை எழுதியவரும் அவரே. தாங்கள் சிவப்புப் பேனாவால் அதைச் சுற்றி வட்டமிட்டீர்கள்.

"இத எடுத்துடும்மா."

"ஏன் சார், தன்னடக்கமா?"

"அதெல்லாம் இல்ல. அன்னிக்கு அந்த அறிவிப்ப அடிக்கும்போது கரண்ட் போய்ப் போய் வந்துது. வருஷத்த மாத்தினேன், தேதிய மாத்தினேன். வயச மாத்த மறந்துட்டேன்."

எழிலரசி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப அந்த நாலு பக்கம்?"

"அது திருத்தம் போடாம இருக்கறதுக்கு. உனக்குன்னு இல்லம்மா."

எழிலரசி சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க வீட்டுக்காரரு ஏழு வருஷமா உங்களத் தெய்வம்னு சொல்லிட்டிருக்காரு சார்."

"அவராண்ட சொல்லிடாத," என்றீர்கள்.

அவ்வரி நீக்கப்பட்டது.