நாற்பது லட்சம் பொற்காசு

ஹலோ... ஹலோ, சார்? அப்பாடா, மனுசக் குரல் வந்துச்சு! முக்கா மணி நேரமாப் பாட்டுப் போட்டே கொன்னுட்டீங்க... ஆமாம், ஆமாம், காலையிலயே பேசினேனே, அதே 'இரும்புக்கை' கணக்குதான். கம்ப்யூட்டர்ல சுரங்கம் தோண்டுற விளையாட்டு. நேத்துலேருந்து முடக்கி வச்சிருக்கீங்க. அதைத் தொறந்து விடணும் சார்...

நானா? நான் அவரு சம்சாரம். கணக்கு அவரு பேர்ல... வேலையில சாரத்துலேருந்து விழுந்து இடுப்பெலும்பு போச்சு சார், எந்திரிக்க முடியாது... அவரு சம்மதம் சொல்லணுமா? இந்தாங்க, வாய்கிட்ட வைக்கிறேன். ஏங்க, சரின்னு சொல்லுங்க. சத்தமா!... கேட்டுச்சா சார்?

என்னது? ஆளு விளையாடல, மெஷின் தோண்டுதா? எந்தப் பாவி சார் சொன்னது?... ஒரு நாளைக்கு இருபது மணி நேரமா... ஆமாம். தோண்டினோம்... இல்ல, 'தோண்டினோம்'னு ஒரு பேச்சுக்கு... சரி, மறைக்கல. காலையில நானு. நான் தையல் கம்பெனிக்குப் போனதும் மாமியாரு. அப்புறம் நாத்தனாரு. மூணு பேரும் மனுசங்கதான் சார்! மாமியாரைப் பேசச் சொல்லட்டுமா? அவங்க வாயைத் தொறந்தா மெஷின்னு நீங்க சொல்லவே மாட்டீங்க...

ஒரு கணக்குக்கு ஒரு ஆள்தானா? எங்க எழுதியிருக்கு?... ஓ.

ஞாயித்துக்கிழமையா? நாலு மணி நேரம் ஒரே பாறை, பட்டன்லேருந்து கையையே எடுக்கலையா... இருங்க சார். அத்தே! ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீங்கதானே... என்ன கிளிப்பு?... ஐயோ அத்தே! சார், பட்டன் இடுக்குல துணி கிளிப்பைச் சொருகிட்டுப் படுத்துட்டாங்களாம். வயசானவங்க, விரல் வலிச்சிருக்கு. துணி கிளிப்பு எந்த ஊர்ல சார் மெஷின் ஆச்சு?... சிரிக்கிறீங்களா? சிரிங்க, சிரிங்க. நீங்க சிரிச்சா எனக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கு.

எதுக்கு இப்படித் தோண்டுறோமா? சும்மா... பொழுது போகத்தான்...

தம்பி. தம்பின்னு கூப்பிடலாமா? உண்மையைச் சொல்லிடறேன். விக்கத்தான் தோண்டுறோம். ஒருத்தரு இருக்காரு. விளையாட்டுல நாப்பது லட்சம் பொற்காசு சேர்த்துக் குடுத்தா நெஜப் பணம் தர்றேன்னாரு. இன்னிக்கு ஆறு மணிக்கு அவரு கணக்குக்கு மாத்தணும். திங்கக்கிழமை இவருக்கு ஆபரேஷன். பணம் கட்டலைன்னா தேதி தள்ளிப்போயிடும். இதுக்கு மேல தள்ளினா நடக்கவே முடியாதுன்னுட்டாரு டாக்டரு... பதிவாகுதா? ஆகட்டும். எல்லாமே பதிவாகட்டும். நாலு மாசம் தம்பி! எங்க மூணு பேரு விரலும் வீங்கிக் கெடக்கு.

அது கம்பெனி காசா? தோண்டினது நாங்க, காசு உங்களுதா?... ஆமாம்... ஆமாம், ஆமாம், ஒத்துக்கிறேன்னு அமுக்கினோம். அதை யாரு படிச்சா?

பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க தம்பி. கால்ல விழறேன்... இருக்கேன், இருக்கேன். வைக்க மாட்டேன்.

...

ஹலோ? சொல்லுங்க... மெஷின் இல்லைன்னு நம்பிட்டாங்களா? தொறந்துடறீங்களா? காசு? நாப்பது லட்சமும் அப்படியேவா? அத்தே, தொறந்துட்டாங்க! தம்பி, நீங்க நல்லா இருக்கணும், உங்க புள்ளகுட்டியெல்லாம்...

என்ன? மறுபடி சொல்லுங்க... யாருக்கும் மாத்த முடியாதா? இன்னிக்கு மட்டுமா?... எப்பவுமேவா?

விக்கிறோம்னு நான் சொன்னதாலயா?... வாயை மூடிட்டு இருந்திருந்தா? கிளிப்பு சமாச்சாரத்தோட விட்டிருந்தா?... சொல்லுங்க தம்பி, பரவாயில்ல... ம். நானே கெடுத்துட்டேன்.

...

அரண்மனையா? கோட்டை, குதிரை, எது வேணும்னாலும் உள்ளயே வாங்கிக்கலாமா? எங்களைவிடப் பணக்காரங்க அங்க நூறு பேருகூட இல்லையா... ம்... ம்... நல்லது தம்பி.

இல்ல. வேற உதவி ஒண்ணும் வேண்டாம்... உங்களுக்கு அஞ்சுக்கு எத்தனை மார்க்கா? அஞ்சே போட்டுக்குங்க. நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்.

என்ன சொன்னீங்க? சந்தோஷமா விளையாடணுமா?... எப்படித் தம்பி விளையாடறது? நெஜமாத்தான் கேக்குறேன். எங்களுக்குத் தோண்ட மட்டும்தான் தெரியும்... ஹலோ?... தம்பி?...