இரண்டாம் டிவிசனுக்கு நான்கு நிமிடம்

ஒரு சின்னப் புதிர்தான், சார். மலேசியாவில், எங்கள் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தின் கணினியில் ஈப்போ நகரச் சாலைப் பெயர் எதைத் தட்டினாலும் நோயாளியின் முகவரி உடனே வந்தது. ‘இரண்டாம் டிவிசன்’ என்று தட்டினால் மட்டும் நான்கு நிமிடம் ஆனது. தரவில் ஒரு வரிகூடக் குறையவில்லை. என் மேலாளர் தனேஸ்வரனுக்கு மூன்று நாளாகப் பிடிபடவில்லை.

ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் லயங்கள் இடிந்த பிறகும் எங்கள் ஜனங்கள் முகவரி கேட்டால் தோட்டத்தின் பிரிவான டிவிசனைத்தான் சொல்வார்கள். எத்தனை தோட்டமோ அத்தனை இரண்டாம் டிவிசன். எங்கள் நோயாளிப் பட்டியலில் மட்டும் இரண்டாம் டிவிசன்காரர்கள் ஒன்பதாயிரம் பேர்.

தேடுவதற்கு முன் டேட்டாபேஸ் தன் புள்ளிவிவரத்தைப் பார்க்கும். எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்ற குறிப்பு அது. நிறைய வரும் சொல் என்றால் மொத்தமாக அள்ளிப் பொருத்தும். குறிப்பு இல்லையென்றால், கொஞ்சம்தான் இருக்கும் என்று நம்பி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும். அழகான ஏற்பாடு.

திங்கட்கிழமை காலை 10.40க்கு யாரோ பட்டியலைத் தவறுதலாக அழித்துவிட்டார்கள். 10.39இல் இருந்த நிலைக்கு மீட்க வேண்டும். அது என் வேலை. தனேஸ்வரன் தானே உட்கார்ந்துகொண்டார்.

“பட்டன் அமுக்குற வேலைதானே மச்சான், இதுக்கு நீ எதுக்குலா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வேறொரு கணினியில் மீட்டு, அங்கிருந்து பட்டியலை எங்கள் கணினிக்கு மாற்றினார். எங்கள் பழைய பதிப்பில் அப்படி மாற்றினால் புள்ளிவிவரம் கூடவே வராது. பிறகு டேட்டாபேஸ் தானாகவே எண்ணிக்கொள்ளும். வேகம் குறையாமலிருக்க, மீட்பு முடியும்வரை அந்த எண்ணும் வேலையை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். திரும்ப ஓடவிடச் சொல்லவில்லை.

புதன்கிழமை மதியம், பக்கத்து வீட்டுக்காரரின் போனிலிருந்து ஐயாவு என்ற பெரியவர் அழைத்தார். மனைவி நல்லம்மாளுக்கு மூச்சு முட்டுகிறதாம். பக்கத்து மேசையில் அழைப்புகளை எடுக்கும் குமுதா எடுத்தாள்.

“எந்தத் தோட்டம்ண்ணே?”

“ரெண்டாம் டிவிசன்மா. போன மாசம் வந்தீங்களேலா! சீக்கிரம் வாங்க.”

வைத்துவிட்டார். திருப்பி அழைத்தால் எடுக்கவில்லை. குமுதா, நல்லம்மாளின் பெயரையும் டிவிசனையும் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, இன்னும் சுத்துதுண்ணே. ஏதாச்சும் செய்ங்கண்ணே.”

நான் தனேஸ்வரனின் கண்ணாடி அறையைப் பார்த்தேன். ஒருமுறை என்னைக் கூப்பிட்டிருந்தால் போதும். அவர் கூப்பிடவில்லை. நான்கு நிமிடத்தில் முகவரி வந்தது. வண்டி போய்ச் சேர்வதற்கு மூன்று நிமிடம் முன்பு நல்லம்மாள் இறந்திருந்தார்.

காரணம் எனக்குத் திங்கட்கிழமையே தெரியும். ஆனால் கேட்காத இடத்தில் சொல்வது என் பழக்கமில்லை. இன்றுவரை யாரும் கேட்கவில்லை. நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்த நேரத்திலும் அது சுற்றிக்கொண்டுதான் இருக்கும். முதலில் கேட்டது நீங்கள், அதனால் சொல்கிறேன்.

‘அனலைஸ்’ என்று தட்டி எண்டரை அமுக்க வேண்டும். பதினொரு நொடியில் புள்ளிவிவரத்தை எண்ணி முடித்துவிடும்.