ஈய ஆணி

அன்று அணைக்கரையில் இருந்தவர்கள் மூன்று பேர்: செல்லசாமி, அவன் மனைவி மீனம்மா, நான். காவல்காரர் நல்லமுத்து தேநீர் குடிக்கப் போயிருந்தார். அவரை விட்டுவிடுங்கள், ஐயா. அவருக்கு எதுவும் தெரியாது.

முதலில் மோட்டாரைப் பற்றிச் சொல்கிறேன். படகின் பின்பக்கம் மாட்டுகிற மோட்டார் அது. தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை சீமைக்குத் திரும்பியபோது பங்களாக் கோழிக்கூட்டுப் பக்கம் எறிந்துவிட்டுப் போனார். நானும் செல்லசாமியும் அதைச் சாக்கில் சுற்றி, நாங்கள் குடியிருந்த லயத்துக்குத் தூக்கி வந்தோம். பிளக்கு அட்டன் டவுனில் வாங்கினோம். உள்ளே இருந்த கம்பிச்சுருள் ஈரம் குடித்துச் செத்திருந்தது. அப்போது எனக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் இராவேலை. இலை காயும் அடுப்புப் பக்கத்தில் வைத்து அதை உலர்த்தினேன். அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒருமுறை இலை கருகிவிட்டது. தொழிற்சாலையை நடத்துகிற டீமேக்கர் திட்டினார். செல்லசாமிதான் சொன்னான்:

"விட்டுத் தள்ளுடா அந்த வேலய. மோட்டாரு ஓடட்டும், நம்ம ரெண்டு பேரும் தொரைக்குப் படகு ஓட்டுவோம்."

விட்டேன்.

லயத்துக்குப் பின்னால் தண்ணீர்ப் பீப்பாயில் முக்கி ஓட்டிப் பார்த்தோம். பீப்பாய் துள்ளியது. புகைக்குப் பயந்து கோழிகள் ஓடின.

"என்னைய ஒரு நாளாச்சும் இப்பிடித் தொடச்சு வச்சிருப்பாரா, கேளுங்கண்ணே," என்று மீனம்மா சிரித்தாள். என்னை எப்போதும் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

புதுத் துரை பார்க்க வந்தார். யார் சரிப்படுத்தியது என்று கேட்டார்.

"நான்தாங்க தொரை," என்றான் செல்லசாமி.

"அவன்?"

"அவன் கயிறு பிடிக்கிறவனுங்க."

துரை தலையாட்டினார். படகோட்டி வேலை அவனுக்குக் கிடைத்தது. திரும்பி வரும்போது என் தோளில் கை போட்டான்.

"கோவிச்சுக்காதடா. ஒரு ஆளுக்குத்தான் வேலன்னு கிளாக்கர் ஐயா முந்தியே சொல்லிட்டாரு. எனக்குப் பொண்டாட்டி இருக்கு. ஒனக்கு யாரு இருக்கா?"

நியாயமான பேச்சுதான். முந்தியே என்ற ஒரு சொல் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. நான் வேலையை விடும்போதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்குப் பிறகும் படகுக்குப் போய்வந்தேன். கரையில் இருந்த படகுக் கொட்டகையின் சாவி என்னிடம் இருந்தது. கயிறு பிடிக்கிறவனுக்கு அவர்கள் கொடுத்தது அது ஒன்றுதான்.

தண்ணீருக்குள் சுற்றுகிற மோட்டார் விசிறியைத் தண்டோடு பிடித்து வைத்திருப்பது ஒரு சின்னப் பித்தளை ஆணி. விசிறி கல்லில் மோதினால் ஆணி முறியும், மோட்டார் பிழைக்கும். அதை மாற்றுவதை அவன் என்னிடமே விட்டிருந்தான். அன்று காலை பித்தளையைக் கழற்றிவிட்டு, பழைய தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஈயத் தகட்டை உருட்டி ஆணியாக்கிப் போட்டேன். மெதுவாகப் போகும்வரை ஈயம் தாங்கும். வேகம் கொடுத்தால் அறுந்துவிடும். தண்ணீர் நடுவில் நின்று அவமானப்படட்டும் என்றுதான் நினைத்தேன். அவ்வளவுதான்.

துடுப்புகளைக் கொட்டகைக்குள் எடுத்து வைத்ததும் நான்தான். தார் பூச வேண்டும் என்றேன்.

"துடுப்பு எதுக்குடா? மோட்டார வச்சுக்கிட்டுத் துடுப்புப் போட்டா ஊரு சிரிக்கும்," என்றான்.

ஆடி மழை. அணை நிரம்பி மேலால் வழிந்துகொண்டிருந்தது. மீனம்மா கரையில் நின்றால், அணை ஓரம்வரை போய் வேகம் கொடுத்துத் திரும்பிக் காட்டுவது அவன் பழக்கம். எனக்கு அது தெரியும். அன்றும் கொடுத்தான். மோட்டார் அலறியது, படகு திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் தானாக நகரத் தொடங்கியது, அணைப் பக்கமாக.

அவன் மீனம்மாவைக் கூப்பிடவில்லை. என்னைத்தான் கூப்பிட்டான்.

"கயிறுடா! கயித்த வீசு!"

வீசினால் எட்டுகிற தூரம்தான். கயிறு கொட்டகைக்குள் தொங்கியது. மீனம்மா எனக்கு முன்னால் ஓடி உள்ளே நுழைந்துவிட்டாள். இருட்டில் சுவரைத் தடவினாள்.

"அண்ணே, கயிறு எங்கண்ணே இருக்கு?"

புருஷன் போவதை ஒரு பெண் பார்க்கக் கூடாது, ஐயா. அவள்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அவள் நன்மைக்காகத்தான் கதவை இழுத்துச் சாத்தி, வெளியே பூட்டினேன்.