பிளாங்க்கில் ஒரு சொட்டு

எனக்குப் பொறுமை அதிகம் என்று எங்கள் உரக் கம்பெனி ஆய்வகத்தில் எல்லோரும் சொல்வார்கள். எங்கள் வேலைக்கு அது வேண்டும். உரத்தை அமிலத்தில் கரைத்து, பிசின் மணிகள் அடைத்த கண்ணாடிக் குழாயில் ஊற்றினால் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். மற்றதெல்லாம் ஓடிவிடும், காட்மியம் என்கிற நச்சு உலோகம் மட்டும் மணிகளில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைத் தனியே கழுவி எடுத்து அளக்க வேண்டும். அவசரப்பட்டால் அன்றைய வேலை முழுக்க வீண்.

காட்மியம் அளவுக்கு மேல் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால், மேலாளர் தாளைக்கூடத் தொடமாட்டார். "இன்னொரு தடவ பாத்துடுங்களேன்" என்பார். பார்ப்பேன். அதே எண் வரும். மறுபடியும் அதையே சொல்வார். குறைத்து எழுது என்று ஒருநாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை. அதுதான் எரிச்சல். சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

உரமே சேர்க்காத வெறும் அமிலத்தையும் கூடவே ஒரு குழாயில் விடுவோம். அதற்கு பிளாங்க் என்று பெயர். அமிலத்திலேயே இருக்கும் அழுக்கு அதில் தெரிந்துவிடும். அதை உரத்தின் அளவிலிருந்து கழித்துக்கொள்வோம். அந்த பிளாங்க்கில் ஒரு சொட்டுக் காட்மியக் கரைசலை விட்டேன். கழித்துப் பார்த்தால் உரம் சுத்தம். மேலாளர் முதல்முறையாக எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அதன்பின் ஒவ்வொரு முறையும் விட்டேன். எந்த எண்ணையும் நான் மாற்றி எழுதவில்லை, கருவி காட்டியதைத்தான் எழுதினேன்.

அண்ணி கீரை பயிரிடுகிறவர். அந்த உரத்தைப் போடலாமா என்று என்னிடம்தான் கேட்டார். வேண்டாம் என்றால் ஏன் என்பார், நாலு பேரிடம் சொல்வார், நான் மறுபடியும் குழாய் முன்னால் போய் உட்கார வேண்டும். எனக்கு வெறுத்துப்போயிருந்தது.

"தாராளமா போடுங்க அண்ணி. நான் பாத்து அனுப்பினதுதான்" என்றேன்.

"நீங்க சொன்னாப் போதும் தம்பி."

வருடக்கணக்கில் போட்டார். விளைந்ததை விற்றார், தானும் தின்றார். இப்போது அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டுவிட்டன. காட்மியம் அங்கேதான் போய்த் தங்கும், எனக்குத் தெரியாததல்ல. காரணம் பிடிபடவில்லை என்று மருத்துவர் சொன்னபோது பக்கத்தில்தான் நின்றேன். கேட்காததைச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

என்னைக் கல்நெஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். என் பிள்ளைக்கென்று அண்ணி வாரம் தவறாமல் கீரை கொடுத்தனுப்புவார். அவர் மனசு நோகக் கூடாதே என்று ஒருமுறைகூட வேண்டாமென்று சொன்னதில்லை. வாங்கி, வீட்டுக்குப் போகும் வழியிலேயே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, பிள்ளை விரும்பிச் சாப்பிட்டான் என்று சொல்லிவிடுவேன்.