திருநீறு போட்டுத் துலக்கிய ஷில்லிங்

வெள்ளி விளக்கைத் திருநீறு போட்டுத் தேய்த்தால் புதுசுபோல் ஆகிவிடும். ராஜலக்ஷ்மி மேடம், உங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்வீர்கள். நான் தமிழில் எழுதுவதை டிடெக்டிவுக்கு மொழிபெயர்த்துச் சொல்லப்போகிறவர் நீங்கள். இந்த ஒரு விஷயத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

என் பெயர் மயில்சாமி. சொந்த ஊர் பொள்ளாச்சி, இப்போது நியூ ஜெர்சி எடிசனில் சொந்த வீடு. டேட்டாபேஸ் வேலை. குடி, சீட்டு எதுவும் கிடையாது. பழைய வெள்ளிக் காசு சேர்ப்பது ஒன்றுதான் பழக்கம். இந்த நாடு நாடாவதற்கு முன்னால் பாஸ்டனில் அடித்த ஷில்லிங்குகள். என்னிடம் ஒரு பைன் மரக் காசு இருந்தது. ஒரு பக்கம் மரம், மறுபக்கம் 1652 என்ற ஆண்டு. முப்பது வருஷம் காசு அடித்தார்கள், ஏறக்குறைய எல்லாவற்றிலும் அதே 1652தான். காலம் நகராத காசு என்று என் மனைவி விஷாகாவிடம் அடிக்கடி சொல்வேன். ரசம் தாளித்துக்கொண்டே ‘உம்’ கொட்டுவாள். காதில் வாங்கினாளா என்று தெரியாது.

காசுகளுக்கென்றே பேஸ்மென்டில் ஓர் அறை கட்டினேன். ஜன்னல் கிடையாது. இரும்புக் கதவு, உள்ளேயும் வெளியேயும் போனோடு இணைத்த எண்பூட்டு, அதேபோல் ஒரு கேமரா, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் மெஷின். விஷாகா அங்கே தனியாகப் போனதில்லை, எண்ணைச் சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். முகத்தில் விரல் படக்கூடாது. துடைக்கவே கூடாது. அத்தனை காலமாக ஏறிய கறுப்புதான் அதன் தோல். அதை உரித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் வெள்ளித் துண்டு.

நண்பர் ஒருவருக்குக் காட்ட அந்தக் காசை மேலே எடுத்து வந்தவன், மேஜையிலேயே வைத்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான். மறுநாள் என் பிறந்தநாள். விஷாகா கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்கையில் எதையோ வைத்தாள். எவர்சில்வர் ஸ்பூன்போல மின்னியது.

“கன்னங்கரேல்னு கெடந்துச்சுங்க மாமா. திருநீறு போட்டுத் தேச்சு, முருகங்கிட்ட வச்சு எடுத்தாந்தேன். எப்பிடி இருக்குது பாருங்க.”

அத்தனை காலத்துத் தோலும் போயிருந்தது. ஆனாலும் நான் திட்டவில்லை. அடுத்த வாரம் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போவதாக டிக்கெட் எடுத்திருந்தாள். “கிரீன் கார்டு வந்துருச்சல்லங்க, திரும்பி வந்து வேலைக்கு அப்ளை பண்றனுங்க” என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தாள். செய்ததைச் சரிசெய்யாமல் கிளம்பிப் போவது முறையா? காசைக் கீழே வைத்துவிட்டு வரலாம், வா என்றேன். முன்னால் இறங்கிப் போனாள். நான் வெளியே நின்று கதவைச் சாத்தினேன். காசு பழையபடி கறுத்ததும் திறக்கிறேன் என்றேன்.

“வெளையாடாதீங்க மாமா. அடுப்புல பால் இருக்குது.”

மேலே போய்ப் பாலை இறக்கிவைத்தேன்.

டிடெக்டிவ் சித்திரவதை என்கிறார். மெத்தை போட்டுக் கொடுத்தேன். மூலையில் ஒரு போர்ட்டபிள் டாய்லெட். காலையும் இரவும் நானே சமைத்துக் கொண்டுபோனேன். அவள் மேல் ஒரு விரல்கூடப் பட்டதில்லை. காசை அவளிடமே கொடுத்திருந்தேன். ஈரம் பட்டால் வெள்ளி கறுக்கும் என்று எப்போதோ நான் சொன்னதை நினைத்துக்கொண்டு, அதை வாயருகே வைத்து ஊதிக்கொண்டே இருப்பாள். ஈரம் உறிஞ்சும் மெஷினை மட்டும் நான் நிறுத்தவில்லை. என் மற்ற காசுகளும் அங்கேதானே இருக்கின்றன.

ஒருநாள் அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் தின்னாமல், அதற்குள் காசைப் பொத்தி வைத்திருந்தாள். முட்டை பட்டால் வெள்ளி சீக்கிரம் கறுத்துவிடும். கெட்டிக்காரி. ஆனால் செயற்கையாகக் கறுப்பேற்றுவதைக் காசு சேர்ப்பவர்கள் மோசடி என்பார்கள். அவளிடம் நான் அதை எதிர்பார்க்கவில்லை. அன்றோடு முட்டை கொடுப்பதை நிறுத்திவிட்டேன்.

“எங்கம்மா தேடுமுங்க” என்று அழுதாள். அதற்கும் வழி செய்தேன். டிக்கெட் கேன்சல் ஆகிவிட்டது, தொண்டை கட்டியிருக்கிறது, பேச முடியவில்லை என்று அவள் போனிலிருந்து நானே அவள் அம்மாவுக்கு மெசேஜ் அனுப்பினேன். பழைய பொங்கல் போட்டோவைப் புதுசுபோல் அனுப்பினேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு காலையில் தூக்கக் கலக்கத்தில் “சரிங்க அத்தை” என்று அடித்துவிட்டேன். பெற்ற மகள் அம்மாவை அத்தை என்பாளா? மாமியார் பக்கத்து வீட்டு நாகலக்ஷ்மி ஆன்ட்டிக்குப் போன் போட்டார், ஆன்ட்டி போலீசுக்குப் போட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரியாகத்தான் இருக்கிறது.

விஷாகா இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அறைக் கதவைச் சாத்த விடமாட்டேன் என்கிறாளாம். நர்சுகளிடம் பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள்.

அடைத்துவைத்தேன் என்று டிடெக்டிவ் எழுதியிருப்பதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், மேடம். பூட்டின் எண் 1652. அவள் கையிலிருந்த காசிலேயே அது இருக்கிறது. உள்ளேயிருந்தும் அழுத்தலாம். நான் சொன்ன கதைகளை ஒருநாளாவது காதில் வாங்கியிருந்தால் அவளே திறந்துகொண்டு வந்திருப்பாள்.

இதோடு முடித்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் கேமராப் பதிவை எடுத்துவிட்டார்கள் என்கிறீர்கள். அப்படியென்றால் நானே சொல்லிவிடுவது மரியாதை. ஒரு மத்தியானம் ஆபீஸ் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டே போனில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் சட்டென்று எழுந்தாள். பூட்டருகே போய் ஒன்றை அழுத்தினாள். பிறகு ஆறை அழுத்தினாள். இத்தனை வருஷமும் நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படிப்பட்டவளை விட்டுவிட யாருக்கு மனசு வரும்? அவள் விரல் ஐந்துக்குப் போவதற்குள், போனிலிருந்தே எண்ணை மாற்றிவிட்டேன்.