திருத்தக்காவின் பெயரில்

ஒரு பக்கத்தில் இரண்டு நிறங்களுக்கு மேல் இருந்தால் எனக்குக் கண்ணை உறுத்தும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். என் கல்யாணப் பத்திரிகையை வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தாக அடித்துக்கொண்டு வந்து, மாமியாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

விசாரணைக் குழுவாக நீங்கள் மூவரும் கேட்டிருக்கும் கேள்வி ஒரே வரிதான். எங்களோடு தொடக்கத்தில் வேலை செய்த வாத்தியாரின் அலமாரியில் கிடந்த பழைய மடிக்கணினியில் உள்ள திட்டப் பதிவின் பிரதியும், இப்போது எல்லோரிடமும் உள்ள பிரதியும் ஏன் ஒத்துப்போகவில்லை? பதிலையும் ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் படிக்கிறவருக்கு நான் வேறு மாதிரி ஆளாகத் தெரிவேன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

உங்களில் வழக்கறிஞருக்குக் கணினி வேலை பழக்கமில்லை என்பதால் அடிப்படையிலிருந்து சொல்கிறேன். எங்கள் திட்டத்தின் பெயர் தூக்கி. படுத்த படுக்கையாக இருப்பவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைக்கும் கருவி அது. இரும்புக் குழாய், நான்கு சக்கரம், கையால் சுற்றும் கப்பி, ஒரு தாங்குதுணி. கடையில் வாங்க முடியாதவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். வரைபடமும் செய்முறையும் எங்கள் தளத்தில் இலவசம். ஓப்பன் சோர்ஸ், அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். அனுப்பியதைப் பார்த்து ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. ஒன்பது வருடம் அதைச் செய்தேன். சம்பளம் கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை.

தளம் மிக எளிமையானது. வெறும் எழுத்துக் கோப்புகள், அவற்றைப் பக்கங்களாக மாற்றிப்போடும் ஒரு சின்ன நிரல், அவ்வளவுதான். எந்த வரியை யார் சேர்த்தார், யார் எடுத்தார், எந்தத் தேதியில் என்று எல்லாமே பதிவாகிவிடும். யாரும் பார்க்கலாம். அந்தப் பதிவின் மேல் எல்லோருக்கும் கோயில் கல்வெட்டு மாதிரி நம்பிக்கை. அதை மாற்றி எழுதும் அனுமதி ஒருவரிடம்தான் இருந்தது.

அன்றைய நாட்களில் எங்களுக்கு அதிகம் உதவியவர் திருத்தக்கா. அச்சகத்தில் முப்பது வருடம் மெய்ப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து படுத்த கணவருக்காக எங்கள் தூக்கியைச் செய்துகொண்டவர், அப்படியே எங்களோடு ஒட்டிக்கொண்டார். கணினி தெரியாது. கைபேசியிலேயே கட்டைவிரலால் எழுத்துப் பிழைகளைத் திருத்தி அனுப்புவார். நாளுக்கு ஒன்றிரண்டு வந்துகொண்டே இருக்கும். அந்தப் பட்டப்பெயரை வைத்தது நான்தான். அவருக்கும் அது பிடித்திருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மாநாட்டு மேடையில் நம் தளத்தைக் காட்டச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பெரிய திரை, முந்நூறு பேர். நான் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக அழகுபடுத்தினேன். தாங்குதுணியை மாட்டும் பக்கத்தில் ஒரு சிவப்புப் பெட்டி இருந்தது, பதினோரு வரி. கால் பக்கத்து வார்களை ஒன்றுக்குள் ஒன்றாகக் குறுக்கே விட்டு மாட்டவும், நேராக மாட்டினால் ஆள் முன்பக்கமாக வழுக்கி விழக்கூடும் என்று எழுதியிருந்தது. கைபேசியில் பார்த்தால் அந்தப் பெட்டி படத்தைக் கீழே தள்ளிவிடும், ஓரம் பிதுங்கி நிற்கும். ஒரு மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினேன். பிறகு எடுத்துவிட்டேன். 'பாதுகாப்பு' என்று தனிப் பக்கம் ஒன்று போட்டு அங்கே வைப்பதாக இருந்தேன். நிச்சயமாக வைப்பதாகத்தான் இருந்தேன். மாநாடு நன்றாக நடந்தது, எழுத்து வடிவத்தைப் பலர் தனியாக வந்து பாராட்டினார்கள். தனிப் பக்கம் அப்படியே தள்ளிப்போயிற்று.

பெட்டியை எடுத்த ஆறாம் நாள் திருத்தக்கா கூப்பிட்டார்.

"தம்பி, 'மெல்ல இரக்கவும்'னு போட்டிருக்க. இரக்கம் நல்ல விஷயந்தான், வேணாம்னு சொல்லல. ஆனா இந்த எடத்துல ஆள இறக்கணும். நானே மாத்தி அனுப்பிட்டேன், பாத்து ஏத்திடு."

நானும் சிரித்தேன். ஏற்றினேன். அவர் மாற்றியது ஓர் எழுத்து. பெட்டி இல்லாததை அவர் கவனிக்கவில்லை. அந்தப் பெட்டி அவருக்கு மனப்பாடம், அதனால் இல்லாததும் இருப்பதாகவே தெரிந்திருக்கும்.

ஐந்து மாதம் கழித்து ஒரு பேருந்து ஓட்டுநர், கேள்விகள் கேட்கும் பகுதியில் எழுதியிருந்தார். நான் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் படித்தேன். "உங்க பக்கத்துல இருக்கிற மாதிரியேதான் மாட்டினேன். அம்மா முன்னாடி வழுக்கி தரையில விழுந்துட்டாங்க. இடுப்பு எலும்பு முறிஞ்சிருக்கு. நான் எங்க தப்பு பண்ணினேன்னு சொல்ல முடியுமா?"

அவர் யாரையும் குறை சொல்லவில்லை. தான் எங்கே தப்பு செய்தோம் என்றுதான் கேட்டிருந்தார்.

ஒரு மணி நேரத்துக்குள் பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு அந்தப் பக்கத்தால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

ஓட்டுநருக்கு உடனே பதில் எழுத வரவில்லை. எழுதத் தொடங்கினால் 'எடுத்தது யார்' என்ற இடத்துக்கு விரல் போய் நின்றுவிடும். இத்தனை வருடமாக என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் வரிசையாகக் கண்முன் வந்தார்கள். என் மகள் பள்ளியில் 'என் அப்பா' என்று கட்டுரை எழுதி, அதில் தூக்கியின் படம் வரைந்திருந்தாள்.

எங்கள் கோப்புகளுக்குள் பழைய புகைப்படங்கள் குண்டு குண்டாக அடைந்து கிடந்தன. பதிவையே ஒருமுறை சுத்தம் செய்து எடையைக் குறைக்க வேண்டும் என்று வெகுநாளாகப் பேசிக்கொண்டிருந்தோம். அது பொய்யில்லை, பேச்சு இன்றும் கிடக்கும், பாருங்கள். மறுநாள் அறிவிப்புப் போட்டேன். சுத்தம் செய்கிறேன், எல்லோரும் பழைய பிரதியை அழித்துவிட்டுப் புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள் என்று. அந்தச் சுத்தத்தின்போது பதினோரு வரி நீக்கத்தை என் பெயரில் இருந்த மாற்றத்திலிருந்து எடுத்து, வேறொரு மாற்றத்துக்குள் வைத்தேன். நாற்பது நிமிட வேலை.

யாருடைய மாற்றத்தில் வைப்பது என்று நன்றாக யோசித்தேன். கண்மூடித்தனமாகச் செய்யவில்லை. அந்தப் பக்கத்தை அந்த வாரம் தொட்டவர்கள் என்னைத் தவிர மூன்று பேர். ஒருவன் வேலை தேடிக்கொண்டிருந்த மாணவன், அவன் எதிர்காலம் பாழாகும். இன்னொருவர் மருத்துவமனைத் தாதி, அவருக்கு வேலையே போய்விடும். திருத்தக்கா ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் வேண்டியவர், அவரை ஒருவரும் கடிந்து பேச மாட்டார்கள். யாருக்குக் குறைவாக வலிக்குமோ அவரைத் தேர்ந்தெடுத்தேன். கைபேசியில் மட்டுமே வேலை செய்கிறவர் என்பதால் அவரிடம் பழைய பிரதி இருக்க வாய்ப்பில்லை என்பதும் ஒரு காரணம். மறைக்கவில்லை.

பிறகு ஓட்டுநருக்கு எழுதினேன். 'ஓர் எழுத்துத் திருத்தத்தின்போது எச்சரிக்கை தவறுதலாக அழிந்துவிட்டது' என்று மட்டும். அக்காவின் பெயரை நான் ஓரிடத்திலும் சொல்லவில்லை. வேண்டுமானால் போய்ப் பாருங்கள். பதிவைத் திறந்து பார்த்தவர்கள் தாங்களாகவே தெரிந்துகொண்டார்கள்.

ஓட்டுநரின் அம்மா பதினெட்டாம் நாள் இறந்துபோனார்.

அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை, அவரே பார்த்துவிட்டார். என்னைக் கூப்பிட்டபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"தம்பி, ஒரு எழுத்து மாத்தத்தான் போனேன். எப்படி மொத்தமா அழிச்சேன்னு தெரியல. கட்டவிரல் பட்டிருக்கும் போல. முப்பது வருஷத்துல ஒரு வரிய விட்டதில்லப்பா நான்."

"யாருக்கும் நடக்கும்க்கா. பாத்துட்டு ஏத்தினது நான்தான. பாதித் தப்பு என்னோடது."

அதை நான் தளத்திலும் எழுதினேன், பாதிப் பொறுப்பு என்னுடையது என்று. பெருந்தன்மை என்றார்கள். நாற்பது பேர் கீழே இதயம் போட்டிருந்தார்கள். நான் ஒவ்வொன்றாக எண்ணினேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எண்ணினேன்.

அக்கா ஓட்டுநருக்குக் கடிதம் எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியாது. வந்த பதிலை என்னிடம் காட்டினார். "நீங்க வேணும்னு செய்யலன்னு தெரியும். ஆனா இனிமே அந்தப் பக்கத்தத் தொடாதீங்க." அன்றிலிருந்து அவர் எதையும் திருத்துவதில்லை. மளிகைக்கடைச் சீட்டில் பிழை இருந்தால்கூடச் சொல்லமாட்டார் என்று அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர் சொன்னார்.

அதன் பிறகு எந்த மாற்றத்தையும் இரண்டு பேர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் ஏற்றுவது என்று ஒரு விதி கொண்டுவந்தேன். நல்ல விதி, பல தவறுகளைத் தடுத்திருக்கிறது. அதற்கு 'திருத்தக்கா விதி' என்று யாரோ பெயர் வைத்துவிட்டார்கள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம்.

அடுத்த வருட மாநாட்டில் 'பிழைக்கு இடம் கொடுங்கள்' என்ற தலைப்பில் பேசினேன். பெயர் சொல்லாமல் அக்காவின் கதைதான். அவரிடம் அனுமதி கேட்டேன். "என்னால ஒருத்தர் போனாங்க. இத கேட்டு யாராவது கவனமா இருந்தா சரி, சொல்லு தம்பி" என்றார். பேசி முடித்ததும் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. கடைசி வரிசையில் அக்காவும் நின்று தட்டிக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் கேள்வியில் இது இல்லை, நானாகத்தான் சொல்கிறேன். அக்கா தன் வீட்டுத் தூக்கியை மூலையில் நிறுத்தித் துணி போட்டு மூடிவிட்டார். "என் கை பட்ட பக்கம் அது. அத நம்பி இவர எப்படி ஏத்துவேன்?" என்றார். வார்களைச் சரியாக மாட்டத் தெரிந்த கை அவருடையது. அதற்குப் பதிலாகக் கணவரை இரண்டு கைகளால் வாரித் தூக்கினார். எட்டு மாதம். பிறகு முதுகெலும்புத் தட்டு நழுவியது. கணவரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. இப்போது இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு, இரண்டு பேருந்து மாறி, தினமும் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார். கணவருக்குப் பேச்சு வராது. அக்காவைப் பார்த்ததும் வீட்டுக்குப் போகலாம் என்பது போல் போர்வையை விலக்குவாராம்.

மாதம் ஒருமுறை நான் அக்கா வீட்டுக்குப் போவேன். மின்விளக்கு மாற்றுவேன், மருந்து வாங்கிக் கொடுப்பேன். "சொந்த அக்காவுக்குக்கூட நீங்க இவ்வளவு செஞ்சதில்ல" என்பாள் என் மனைவி. கேலியாகச் சொல்வதில்லை. அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தில் என்மேல் வரும் மதிப்பு இருக்கிறதே, அதைப் பார்க்க முடியாமல் நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

உங்கள் கேள்வி வந்த மறுநாளும் போனேன், சொல்லிவிடுவது என்றுதான். அக்கா கதவைத் திறந்து, "வாப்பா, நல்ல நேரத்துல வந்த" என்றார். கைபேசியில் எழுத்து சின்னதாகிவிட்டதாம், பெரிதாக்கிக் கொடுத்தேன். அறைக்குள் போய் வந்தவர் என் பக்கத்தில் மெல்லப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"எல்லாரும் விலகிட்டாங்க தம்பி. நீ ஒருத்தன்தான் இன்னும் வந்து போற. நான் இவ்வளவு பெரிய தப்பு பண்ணியும் ஒரு நாள் ஒரு வார்த்த சொல்லிக் காட்டினதில்ல."

தண்ணீர் கேட்டேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்க் கொண்டுவந்து கொடுத்தார். அதையும் வாங்கிக் குடித்தேன்.

ஆகவே உங்களுக்கு வேண்டிய வரி இதுதான். பெட்டியை எடுத்தவன் நான். பதிவைத் திருத்தி அவர் பெயரில் வைத்தவனும் நான். வாத்தியாரிடம் இருக்கும் பிரதிதான் உண்மையானது. என் அனுமதிகள் அனைத்தையும் இதோடு ஒப்படைக்கிறேன். பழைய பதிவைத் திரும்ப ஏற்றுங்கள். ஓட்டுநருக்கு எழுதுங்கள், முகவரி கீழே இருக்கிறது. என் பெயரை முழுதாகப் போடுங்கள். எந்தத் தண்டனைக்கும் நான் மறுப்புச் சொல்லப்போவதில்லை. தலை நிமிர்ந்து நடந்து வெகுநாளாகிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். அக்காவுக்கு மட்டும் தெரியப்படுத்த வேண்டாம். அவர் இப்போதெல்லாம் தளத்தின் பக்கமே வருவதில்லை, நீங்களாகச் சொன்னால் ஒழியத் தெரிய வழியில்லை. ஒவ்வொன்றாக எல்லாம் அவர் கையைவிட்டுப் போய்விட்டது. நம்பிக்கையாக வீட்டுக்கு வந்து போக மிச்சம் இருப்பவன் நான் ஒருவன்தான், அதையும் அவரிடமிருந்து பறிக்க எனக்கு மனம் வரவில்லை.